சைகோன் பெட்டி நின்றுபோன கல்யாணம்

பாய்,

இன்று காலை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள சின்னக் கடையில் என் ரேடியோவைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் உள்ளே ஏதோ ஒரு கம்பிக்கு ஈயப்பற்று வைத்தார். உருகும் ஈயமும் கருகும் குங்கிலியமும் கலந்த அந்தப் புகை மூக்கில் ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கண்ணு எரியுதா சார்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் அவர். ஆமாம் என்று சொல்லித் தள்ளி நின்றேன்.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைப்பதும் தள்ளிப்போடுவதுமாக இருந்தேன். இன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன்.

நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் நான் சைகோனிலிருந்து கப்பலில் திரும்பினேன். அங்கே சுங்க அலுவலகத்தில் ஏழு வருஷம் குமாஸ்தா. கொண்டுவந்த சாமான்களில் இரண்டு மட்டும் ஊர் பேசுகிற சாமான்கள். ஒன்று, மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் தேய்த்து வாசிக்கும் மின்சார கிட்டார். மற்றொன்று அதற்குக் குரல் கொடுக்கும் ஆம்ப்ளிபயர் பெட்டி. சைகோன் ஹோட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தவர் அவசரமாக ஊரைவிட்டுக் கிளம்பியபோது இரண்டையும் என்னிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார். வெளியே பழுப்பு நிறத் துணி ஒட்டிய மரப்பெட்டி. உள்ளே ஐந்து வால்வுகள். எரியும்போது பின்பக்கம் ஆரஞ்சு வெளிச்சம் தெரியும்.

இனிமேல் கல்யாண வீடுகளில் கிட்டார் வாசித்தே பிழைப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். என் மனைவியின் அண்ணன்மார் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஒரு வருஷம் பாருங்க. ஆகலேன்னா எங்கயாச்சும் குமாஸ்தா வேலைக்குப் போயிடணும்" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

அப்போது உங்களை எனக்குத் தூரத்திலிருந்துதான் தெரியும். பள்ளிவாசலுக்குப் பின் சந்தில் மைக்செட் கடை. கட்டம் போட்ட கைலி, வெள்ளை பனியன், பருத்த உடம்பு. மாட்டு வண்டியில் குழாய் ஸ்பீக்கர்களும் பெட்ரோல் ஜெனரேட்டரும் முன்னே போக, பின்னால் சைக்கிளில் நீங்கள் போவீர்கள். கரண்ட் எட்டாத கிராமங்களில் கல்யாணம், தர்கா கந்தூரி, கட்சிக் கூட்டம் எது நடந்தாலும் வெளிச்சமும் சத்தமும் உங்கள் வண்டியில்தான் போய் இறங்கும்.

நாம் முதன்முதலில் ஒரே பந்தலில் நின்றது அம்பகரத்தூரில், ஒரு பெரிய மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில். அது எனக்குக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு. காலையில் முகூர்த்தம் முடிந்து, பந்தியும் முடிந்து, நான்கு மணிக்கு என் கச்சேரி. பலகை அடித்த மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பெட்டி. சைகோன் கரண்ட் வேறு அளவு என்பதால் இடையில் ஒரு டிரான்ஸ்பார்மர். அதற்கு உங்கள் ஜெனரேட்டரிலிருந்து வயர்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. சமையல்கட்டில் இருந்தவர்கள்கூடக் கரண்டியோடு வந்து நின்றார்கள். மூன்றாவது பாட்டின் நடுவே சத்தம் அறுந்தது. என் கை தேய்க்கிறது, கம்பி அதிர்கிறது, பெட்டி பேசவில்லை. நான் குனிந்து பார்ப்பதற்குள் தானாகவே வந்தது. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி அறுந்தது. நான்காம் தடவை அறுந்தபோது கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. "சைகோன் பொட்டிக்கு மூச்சு முட்டுதுங்க!" என்று மிராசுதாரே சொன்னார்.

எழுந்து நின்றேன். ஜெனரேட்டர் பக்கம் நின்ற உங்களைக் கையை நீட்டிக் காட்டினேன்.

"என் பொட்டிக்கு ஒண்ணும் இல்ல. இவரு குடுக்குற கரண்டுதான் சரியில்ல. இவராலதான் என் பொட்டி கெடுது!"

இருநூறு பேரும் உங்கள் பக்கம் திரும்பினார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு தலையை உயர்த்திப் பந்தலில் தொங்கிய பல்புகளைப் பார்த்தீர்கள். "பாக்குறேங்க" என்று ஒரே வார்த்தை சொன்னீர்கள். அப்புறம் இசைத்தட்டைப் போட்டுக் கல்யாண வீட்டைச் சமாளித்தீர்கள். நான் பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மனைவியோடு பஸ் ஏறிவிட்டேன்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் எனக்குச் சோறு போட்டாள். போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பந்தல் பல்பு அணையவே இல்லையே."

"என்ன?"

"பொம்பளைங்க பக்கத்துலேருந்து நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். உங்க பொட்டி நாலு தடவ நின்னுச்சு. பல்பு ஒரு தடவகூட மினுக்கல. கரண்ட் போயிருந்தா பல்பும் போயிருக்கணுமில்ல? அந்த மனுசன் மேல பழியப் போட்டுட்டு வந்துட்டீங்க."

அவள் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை, பாய். நீங்கள் வந்து நிரூபிக்கும் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று நாள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். அந்த மூன்று நாளில் அம்பகரத்தூரில் உங்களுக்குச் சொல்லிவைத்திருந்த அடுத்த கல்யாணம் கைவிட்டுப் போனது. "கரண்ட் சரியில்லாத ஆளாமே" என்று வேறு மைக்செட் பேசிவிட்டார்கள். அதுவும் என் காதுக்கு வந்தது. அப்போதும் நான் வரவில்லை.

நான்காம் நாள் காலை என் வீட்டு வாசலில் மாட்டு வண்டி நின்றது. மேலே ஜெனரேட்டர். நீங்கள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றிருந்தீர்கள். அடிக்க வந்திருக்கிறீர்கள் என்றே நினைத்தேன்.

"முசியே," என்றீர்கள். பிரெஞ்சுத் துரைமாரைக் கூப்பிடும் அந்தச் சொல்லை அன்று ஆரம்பித்துக் கடைசிவரை நீங்கள் விடவில்லை. "நீங்க அன்னிக்குச் சொன்னது நெசமான்னு பாக்கணும். பல்பு நின்னு எரிஞ்சுச்சு. ஆனா கண்ணுக்குத் தெரியாம எறங்கி ஏறுனா பல்பு காட்டாது. மீட்டரு காட்டும். நெசமா இருந்தா நான் அடுத்த வீட்டுக்கு இத எடுத்துட்டுப் போவக் கூடாது பாருங்க."

வாசலிலேயே ஜெனரேட்டரை ஓட்டினீர்கள். அன்று பந்தலில் எரிந்த அத்தனை பல்புகளையும் கொண்டுவந்து மாட்டினீர்கள். மீட்டரை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க, நான் பாத்தா நான் சொல்றதா ஆயிடும்" என்றீர்கள். தெருவே கூடி நிற்க ஒரு மணி நேரம் முள்ளையே பார்த்தேன். முள் அசையவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தினீர்கள். இப்போது சொல்லப்போகிறார், தெரு கேட்கச் சொல்லப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

நீங்கள் சொன்னது வேறு. "எம் பக்கம் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா பொட்டி நின்னது நெசந்தானே? எதுனாலன்னு தெரியலையே. பொட்டிய வண்டியில வைங்க, கடைக்குப் போவோம்."

உங்கள் கடையில் இரண்டு நாள் மத்தியானங்களில் பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் வாசித்துக்கொண்டே இருப்பேன். நீங்கள் ஒவ்வொன்றாக மாற்றுவீர்கள். முதலில் கிட்டாரிலிருந்து பெட்டிக்கு வரும் வயர். பிறகு டிரான்ஸ்பார்மர். பிறகு வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கால்களைத் துடைத்து, திரும்பப் பொருத்தி. அவசரப்பட்டு நான் இரண்டு வால்வுகளைச் சேர்த்துக் கழற்றப் போனேன். என் கையைப் பிடித்துவிட்டீர்கள். "ஒரு நேரத்துல ஒண்ணுதான். ரெண்டையும் மாத்திட்டு சரியாச்சுன்னு வைங்க, எது குத்தவாளின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பெட்டியைத் திறந்துவைத்துக் கரண்டோடு வேலை பார்க்கும்போது உங்கள் இடது கை முதுகுக்குப் பின்னால் கைலி முடிச்சில் செருகியிருக்கும். ஏன் என்று கேட்டேன். "ரெண்டு கையும் உள்ள போனா கரண்டு ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா மறுகையில எறங்கும். ஒரு கைன்னா விரலோட போயிடும்." பெட்டியை நிறுத்திய பிறகும் உடனே தொடமாட்டீர்கள். உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கும் என்று சொல்லி, பிடிபோட்ட கம்பியால் அதை இறக்கிவிட்டுத்தான் விரல் வைப்பீர்கள். நானும் அந்தப் பெட்டியும் உங்களைக் கல்யாண வீட்டில் அவமானப்படுத்தியவர்கள். ஆனாலும் அந்தப் பெட்டியை நீங்கள் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தொடுவதுபோலத்தான் தொட்டீர்கள்.

இரண்டாம் நாள் முடிவில் நான் சொன்னேன், "தானா சரியாயிடுச்சு போல இருக்கு பாய்."

"தானா சரியாச்சுன்னா அடுத்த கல்யாணத்துலயும் தானா நிக்கும், முசியே. நின்னா இந்தத் தடவ யாரச் சொல்லுவீங்க?"

அப்போதுதான் முதன்முதலில் என் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் நான் வந்தபோது கடையில் இரண்டு பெஞ்சுகளுக்கு மேல் நான்கு பலகைகள் கிடந்தன. மரவாடியிலிருந்து தூக்கி வந்திருந்தீர்கள். "கடையில சிமிண்டுத் தரை. அங்க பலகை மேடை. அத நான் யோசிக்கல. ஏறுங்க. அன்னிக்கு எப்படி உக்காந்தீங்களோ அப்படியே உக்காருங்க. அதே பாட்டு, அதே வரிசை."

ஏறி உட்கார்ந்து வாசித்தேன். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு. பெட்டி நன்றாகச் சூடேறிவிட்டது. நீங்கள் பெட்டியைப் பார்க்கவே இல்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மூன்றாம் பாட்டில், அதே இடத்தில், சத்தம் அறுந்தது.

"நிறுத்துங்க! கால நிறுத்துங்க!" என்று கத்தினீர்கள்.

கையை நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக் கையை எடுத்தேன். "கை ஓடட்டும். கால்!" என்று என் முழங்காலைப் பிடித்தீர்கள். கால் நின்றது. பெட்டி பேசியது.

எனக்கே தெரியாமல் என் வலது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வேகப் பாட்டு வந்தால் குதிகால் பலகையில் இடிக்கிறது. அந்த அதிர்ச்சி பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குள் போகிறது. சிமிண்டுத் தரையில் அது போகாது. பெட்டி குளிர்ந்திருக்கும்போதும் ஒன்றும் செய்யாது. சூடும் அதிர்ச்சியும் சேர்ந்தால்தான் நிற்கும்.

"அப்ப என் கால்தான் காரணமா?" என்று கேட்டேன்.

"அட, காலு என்னா பண்ணும்? உள்ள ஒண்ணு சரியில்ல. காலு அதக் காட்டிக் குடுத்துச்சு." உங்கள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பெருநாள் சட்டை போட்ட பிள்ளையின் முகம் அது. உள்ளே திரும்பி, "ஏ புள்ள, அந்த மர அகப்பையக் கொஞ்சம் குடு!" என்றீர்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை அகப்பையை நீட்டியது. "அதுலதான் கஞ்சி கிண்டணும். சீக்கிரம் தந்துடுங்க" என்றார் உங்கள் வீட்டம்மா.

அகப்பைக் காம்பால் பெட்டியின் உள்ளே ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டே போனீர்கள். இடது கை முதுகுக்குப் பின்னால். நான் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தேன். வால்வைத் தட்டினால் ஒன்றுமில்லை. அடுத்த வால்வு, ஒன்றுமில்லை. ஓரமாகப் பெரிய டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் ஒரு கம்பியின் அடியைத் தொட்டதும் சத்தம் போனது. எடுத்தால் வந்தது. தொட்டால் போனது.

பெட்டியை நிறுத்தி, கம்பியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தீர்கள். ஈயப்பற்றைச் சுற்றி மோதிரம்போல் ஒரு விரிசல். அந்த விரிசலின் மேல் சிவப்பாக ஏதோ பூசியிருந்தது. விரிசலை ஒட்டவைக்க யாரோ பூசிய நகச்சாயம்.

"முன்னாடி வச்சிருந்தவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றீர்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. தெரிந்தே என் தலையில் கட்டியிருக்கிறான் என்று அந்த ஹோட்டல் வாத்தியக்காரரைத் திட்ட ஆரம்பித்தேன். நீங்கள் சாயத்தைச் சுரண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் மூச்சு வாங்கியபோது, "அவருக்கும் பாட்டு பாதியில நின்னிருக்கும்ல?" என்றீர்கள். அதன் பிறகு எனக்குத் திட்டத் தோன்றவில்லை.

பழைய ஈயம் முழுவதையும் எடுத்தீர்கள். கம்பியின் முனையைச் செம்பு மின்னும்வரை சுரண்டினீர்கள். கரியடுப்பில் காய்ச்சிய கோலால் புதிதாகப் பற்று வைத்தீர்கள். பிறகு என்னைப் பலகைமேல் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, அந்தப் பருத்த உடம்போடு நீங்களும் ஏறி என் பக்கத்தில் தையா தக்கா என்று குதித்தீர்கள். பலகை உடைந்துவிடும் என்று நான் பயந்தேன். திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெட்டி ஒரு மணி நேரம் நிற்கவில்லை.

கிளம்பும்போது, "நான் உங்களுக்கு என்ன செய்யட்டும் பாய்?" என்றேன்.

கோலைத் துடைத்து வைத்துவிட்டு, என்னை வாசலுக்கு வெளியே கூட்டிவந்து, தாழ்ந்த குரலில் சொன்னீர்கள். "ஒண்ணு வேணும். அம்பகரத்தூருல சொன்னது தப்புன்னு அங்கேயே போயிச் சொல்லிடுங்க. எனக்குத் தொழிலு அது. பேரு போனா வண்டி போவாது."

"மிராசுதார்ட்ட தனியாப் பேசிடுறேன்."

"அன்னிக்கு நீங்க தனியாவா சொன்னீங்க?"

அதைக் கோபமில்லாமல் கேட்டீர்கள். அதனால்தான் என்னால் தப்பிக்க முடியவில்லை. நீங்களும் கூட வாருங்கள் என்று அழைத்தேன். மறுத்துவிட்டீர்கள். "நான் வந்தா இழுத்துட்டு வந்த மாதிரி இருக்கும். நீங்களா போனாத்தான் அது உங்க வார்த்தை."

மறுநாள் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வயல். இரண்டு தடவை இறங்கிவிட நினைத்தேன். மிராசுதார் களத்தில் கதிரடிப்பு. ஆண்களும் பெண்களுமாக முப்பது பேராவது இருப்பார்கள். கல்யாணத்துக்கு வந்த முகங்கள் பல. நான் களத்தின் ஓரத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அன்னிக்குக் கரண்ட் சரியில்லைன்னு சொன்னேன். பொய்யிங்க. கரண்ட் சுத்தமா இருந்துச்சு. கோளாறு என் பொட்டியில. அதக் கண்டுபிடிச்சுச் சரிபண்ணிக் குடுத்ததும் அந்த மைக்செட் பாய்தான்."

கதிர் அடிப்பது நின்றது. மிராசுதார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"இதச் சொல்லவா இம்புட்டு தூரம் பஸ் ஏறி வந்தீங்க?"

"ஆமாங்க."

"உக்காருங்க. மோர் குடிச்சிட்டுப் போங்க." மோரைக் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி மவளுக்கு தையில கல்யாணம். ரெண்டு பேரும் சேந்து வாங்க. இந்தத் தடவ முழுசா வாசிக்கணும்" என்றார்.

முழுதாக வாசித்தேன். நீங்கள் உங்கள் மைக் ஒன்றை என் பெட்டிக்கு முன்னால் வைத்து, கிட்டாரைக் குழாய் ஸ்பீக்கர் வழியாக ஊர் எல்லைவரை அனுப்பினீர்கள். அந்த வருஷம் முடியும்போது என் மனைவி குமாஸ்தா வேலைப் பேச்சை எடுக்கவில்லை. அப்புறம் பல வருஷங்கள், திருவேட்டக்குடி, கொட்டுச்சேரி, நாகூர் என்று நாம் இருவரும் சேர்ந்து போகாத பந்தல் குறைவு. உங்கள் மாட்டு வண்டி போய் வேன் வந்தது. எனக்கு விரல் மூட்டு வலி வந்து வாசிப்பது நின்றது. அப்போதும் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் நீங்கள் சைக்கிளில் என் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை.

நீங்கள் மௌத்தான செய்தி கேட்டு ஓடிவந்தேன். மண் கொடுத்துவிட்டு வந்து உங்கள் வீட்டு முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். லீவில் துபாயிலிருந்து வந்திருந்த உங்கள் மூத்த மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாப்பா உங்களப் பத்தி எங்களுக்குச் சின்ன வயசுலேருந்து சொல்லுவாங்க. 'மனுசன்னா அவரு மாதிரி இருக்கணும். நெசத்தச் சொல்றதுக்காக அம்பகரத்தூருக்குத் தனியா பஸ் ஏறிப் போனாரு'ன்னு. நாங்க ஏதாச்சும் தப்பு பண்ணிட்டு ஒளிஞ்சா இதத்தான் சொல்லுவாங்க. ஆனா அங்க போயி நீங்க என்னா சொன்னீங்கன்னு மட்டும் சொன்னதே இல்ல. கேட்டா சிரிப்பாங்க. என்னா மாமா அது?"

நான் உங்கள் மேல் பழி போட்டது உங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. திரைக்குப் பின்னாலிருந்து அகப்பை நீட்டிய அம்மாவுக்குக்கூட, நான் ரிப்பேருக்கு வந்த ஒரு சைகோன்காரன், அவ்வளவுதான். இருநூறு பேர் முன்னால் நான் செய்ததை முப்பத்தைந்து வருஷம் உங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நான் செய்த ஒன்றை மட்டும் எடுத்து உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறீர்கள்.

அந்த முன்னறையில் உங்கள் மகனிடம் முழுவதையும் சொன்னேன், பாய். கையை நீட்டி உங்களைக் காட்டியதிலிருந்து, தெரிந்தே மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்திருந்ததுவரை. உறவினர்கள் எல்லோரும் கேட்டார்கள். உங்கள் மகன் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்து, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க மாமா" என்றார்.

ஒரு மனிதரைப் பற்றிப் பேச வாயெடுக்கும்போதெல்லாம் இப்போது ஒரு கணம் நின்றுவிடுகிறேன். அவர் செய்ததில் எதைச் சொல்லப்போகிறேன், எதை என்னோடு வைத்துக்கொள்ளப்போகிறேன் என்று. உங்களைப் போல என்னால் எப்போதும் முடிவதில்லை. நேற்று, என் மருமகனைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஒரு தடவை முடிந்தது.